மூளை பாதிப்புள்ள குழந்தையை முகாமுக்கு அழைத்துப் போவதால் பலன் உண்டா?

"குணமாகிவிடுமா" என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. ஆனாலும் போங்கள், அதுவும் குடும்பத்தோடு தங்கும் முகாம் கிடைத்தால் விடாதீர்கள்.

என் மகன் பிறந்தவுடன் அழவில்லை. மூளைக்குப் பிராணவாயு போகாததால் மூளை முடக்குவாதம் என்றார்கள். முதல் மூன்று ஆண்டுகள், முகாம் என்று காதில் விழுந்த இடத்துக்கெல்லாம் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கல்யாண மண்டபத்தில் நடந்த ஒன்றில் கணுக்காலைத் தாங்கும் ஸ்பிளின்ட் பட்டைக்கு அளவெடுத்தார்கள். வந்து சேர ஏழு மாதம் ஆனது. அதற்குள் பாதம் வளர்ந்துவிட்டது! அது இன்னும் பரணில் கிடக்கிறது.

அவனுடைய நான்காவது வயதில் ஐந்து நாள் தங்கும் முகாம் ஒன்று கிடைத்தது. அதுவரை என் மனைவி அவனை மடியில் மல்லாத்திக் கஞ்சி புகட்டுவாள். அரை டம்ளருக்கு ஒன்றரை மணி நேரம். பாதி புரையேறும், பாதி புடவையில். பயிற்சி தர வந்த பெண் அவளை எதுவும் சொல்லவில்லை. என்னிடம் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்து, "அண்ணாந்தபடியே விழுங்குங்கள் சார்" என்றார். இரண்டாவது மடக்கிலேயே எனக்கு இருமல். பிறகு மகனை, முதுகையும் இரு பக்கத்தையும் தாங்கும் மூலை நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைத்து, முகவாயைச் சற்றே தாழ்த்தி, தட்டையான சின்னக் கரண்டியில் மசித்த இட்லியைக் கொடுத்தார். உதடு மூடும்வரை பொறுத்திருந்தார். 25 நிமிடத்தில் ஒரு இட்லி. என் மனைவி எழுந்து வெளியே போய் அழுதாள்.

மூன்றாம் நாள் அண்ணன், அக்காள்களைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார்கள். என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா கர்ப்பமாக இருந்தபோது அவள் வயிற்றில் தான் எட்டி உதைத்ததால்தான் தம்பி இப்படிப் பிறந்தான் என்று அவள் நான்கு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. எந்த ஸ்கேனிலும் வராத விஷயம்.

அரசு நடத்தும் மருத்துவ முகாம்களையும் ஒதுக்காதீர்கள். அவை பெரும்பாலும் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கானவை, ஆனால் அந்தக் காகிதம் இல்லாமல் எதுவும் நகராது. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை, தமிழ்நாட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கான மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை, 1 லட்சம் ரூபாய் வரையிலான மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீடு எல்லாவற்றுக்கும் அதுவே வாசல். பள்ளிக் கல்வித் துறையின் கீழ் உள்ள உங்கள் வட்டார வள மையத்திலும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் தேதி கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தொண்டு நிறுவனங்களான சென்னை வித்யாசாகர் 1985 முதலும், தென்காசிப் பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கம் 1981 முதலும் இயங்குகின்றன, அவர்களிடமும் விசாரிக்கலாம்.

ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடப்பான் என்று யாராவது துண்டறிக்கை நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல்படி, மூளை முடக்குவாதத்துக்கு ஆய்வுக்கு வெளியே அதைச் செய்யக் கூடாது. எங்களிடம் ஒருவர் இரண்டு லட்சம் கேட்டார். நகையை விற்கக் கிளம்பிய கதை வேறு.

போகும்போது ஆதார், ரேஷன் அட்டை நகல், போட்டோ தவிர, குழந்தை வீட்டில் சாப்பிடும் கரண்டியையும் எடுத்துப் போங்கள். பயிற்சி தந்த அந்தப் பெண் எங்களிடம் முதலில் கேட்டது அதைத்தான்.