வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு பையனுக்குச் சர்க்கரை 280: பொறுத்துப் பார்க்கலாமா?

காய்ச்சல் விட்டு மூன்று வாரம், 9 வயதுப் பையன் ராத்திரி எழுந்து எழுந்து தண்ணீர் குடிக்கிறான், படுக்கையை நனைக்கிறான், சர்க்கரை 280, ஹெச்பிஏ1சி 6.1 தானே, ஒரு மாதம் பார்க்கலாமா என்கிறீர்கள். வேண்டாம், இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்த அறிகுறிகளோடு 200-ஐத் தொட்டாலே நீரிழிவுதான். ஹெச்பிஏ1சி இரண்டு மூன்று மாதச் சராசரி. சர்க்கரை திடீரென ஏறியிருந்தால் அதில் முழுசாகத் தெரியாது.

முதலில் கீட்டோன், அதாவது இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது ரத்தத்தில் சேரும் அமிலம். ரத்தத்தில் பார்ப்பது நல்லது, லிட்டருக்கு 0.6 மில்லிமோலுக்குள் இருக்க வேண்டும், 3-ஐ எட்டினால் உயிருக்கே ஆபத்து. வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேகமான மூச்சு இருந்தால் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் எமர்ஜென்சிக்குக் கிளம்புங்கள். இது டைப் 1 நீரிழிவா (உடலே தன் இன்சுலின் செல்களை அழிக்கும் வகை) என்று காட்டும் ஜிஏடி, ஐஏ-2 ஆன்டிபாடிகளும், உடல் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டும் சி-பெப்டைடும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

காய்ச்சல்தான் காரணமா? காக்ஸாக்கி பி போன்ற என்டரோவைரஸ்களுக்கும் டைப் 1-க்கும் தொடர்பிருப்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிகிறது. ஆனால் அறிகுறி தெரியும்போது இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களின் அழிவு பெரும்பாலும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நடந்து வந்திருக்கும். காய்ச்சல் இன்சுலின் தேவையைக் கூட்டி, ஒளிந்திருந்ததை வெளியே இழுத்துவிடும், அவ்வளவுதான். இடையில் ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அதுவும் சர்க்கரையை ஏற்றும்.

இன்சுலின் ஆரம்பித்துச் சில வாரங்களில் டோஸ் நன்றாகக் குறையலாம். குணமாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.