நவபாகனியம் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் பிரான்சில் லியோன் நகரத்தில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். ஐரோப்பியத் தீவிர வலதுசாரிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில் நவபாகனியரையும், அதாவது கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஐரோப்பியத் தெய்வங்களை இன்று மீட்டெடுக்க முயல்பவர்களையும், அவர்களோடு சேர்த்து எழுதியிருந்தீர்கள். அது எனக்கு உறுத்தலாக இருந்தது. என் அலுவலக நண்பர் ஒருவர் பாகன். நிறையப் படித்தவர், ஹோமரைக் கிரேக்கத்திலேயே வாசிப்பவர். 'உங்களிடம் இன்னும் தெய்வங்கள் இருக்கின்றன, எங்களுடையவற்றைத் தேவாலயம் பிடுங்கிக்கொண்டது' என்பார். எங்கள் வீட்டு முருகன் படத்தின் முன் கைகூப்பி நின்றிருக்கிறார். டிசம்பரில் அவர் வீட்டில் ஒரு மண்விளக்கு பார்த்தேன். சின்னக் கோபுரம் மாதிரி, பக்கங்களில் இதய வடிவத்திலும் ஆறுமுனை நட்சத்திரம் போலவும் துளைகள், உள்ளே மெழுகுவர்த்தி. கார்த்திகை ஞாபகம் வந்துவிட்டது. ஜூனில் பகல் மிக நீளும் நாளன்று ஊருக்கு வெளியே நெருப்பு மூட்டுவார்களாம், மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வா என்கிறார். (மகள் இங்கேதான் பிறந்தாள், நாலு வயது.) இயற்கையையும் பல தெய்வங்களையும் கும்பிடுபவர்கள் நமக்கு நண்பர்கள்தானே? போகலாமா?

செ., லியோன்

அன்புள்ள செ.,

உங்கள் நண்பர் எப்படிப்பட்டவர் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சொல்லக்கூடாது. ஆனால் அந்த விளக்கை எனக்குத் தெரியும். யூல் விளக்கு என்பார்கள். சுவீடனின் பழைய மெழுகுவர்த்தித் தாங்கி ஒன்றின் மாதிரியில் செய்தது. 1930களில் நாஜித் தலைவர்களில் ஒருவரான ஹிம்லர் அதை எடுத்து, கிறிஸ்துமஸுக்குப் பதிலாகத் தன் எஸ்.எஸ். என்ற நாஜிப் படையினர் கொண்டாட வேண்டிய குளிர்கால விழாவின் பரிசாக ஆக்கினார். போருக்குப் பின் பிரான்சில் 'புதிய வலது' என்று அழைக்கப்பட்டவர்களின் வீடுகளிலும் அது ஏற்றப்பட்டது. விளக்கு இருப்பதாலேயே ஒருவர் நாஜி ஆகிவிடமாட்டார், அதன் கதை தெரியாமலே வைத்திருப்பவர்களும் உண்டு. ஆனால் அது அவர் அலமாரிவரை வந்து சேர்ந்த வழியை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

1962-ல் அல்ஜீரியா பிரான்சின் கையை விட்டுப் போகிறது. அதை விடக்கூடாது என்று ஆயுதம் எடுத்தவர்கள் தோற்றுச் சிறைக்குப் போகிறார்கள். அவர்களில் ஒருவர் தொமினிக் வென்னர். குண்டு வைத்தும் ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்தும் பயனில்லை, முதலில் கருத்துகளை உருவாக்க வேண்டும் என்று சிறையிலிருந்தபடியே எழுதினார். அந்த வட்டத்து இளைஞர்கள்தான் 1968-ல் 'க்ரேஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள், 'புதிய வலது' அதிலிருந்துதான் வந்தது. ஐரோப்பிய நாகரிகத்துக்கான ஆய்வுக்குழு என்பதன் சுருக்கம் அது, கிரேக்க நாட்டின் பிரெஞ்சுப் பெயரும் அதுதான். அதன் மூளை அலன் தெ பெனுவா. முசோலினியின் சிறையில் உடல் நொடிந்துபோன கம்யூனிஸ்ட் கிராம்சியிடமிருந்தே அவர்கள் பாடம் எடுத்துக்கொண்டார்கள்: அரசைப் பிடிக்கும் முன் மக்களின் மனத்தில் எது இயல்பு, எது நியாயம் என்பதைப் பிடி. தேர்தலில் நிற்கவில்லை. பத்திரிகை நடத்தினார்கள், கருத்தரங்கம் போட்டார்கள், புத்தகம் எழுதினார்கள். 1978-ல் பிரெஞ்சு அகாதெமியே தெ பெனுவாவின் கட்டுரைத் தொகுப்புக்குப் பரிசு கொடுத்தது. பத்து வருடத்தில் இவ்வளவு தூரம் வந்தார்கள் என்றால் அவர்களை மொட்டைத்தலை ரவுடிகள் என்று நினைத்துக்கொண்டு பேசுவதில் அர்த்தமே இல்லை.

சரி, இதில் தெய்வங்கள் எங்கே வந்தன? 1981-ல் தெ பெனுவா ஒருவர் எப்படி பாகனாக இருக்க முடியும் என்று கேட்டு ஒரு புத்தகம் எழுதினார். அதில் அவர் மறைக்காமல் சொல்கிறார், பாகனாக இருக்க ஜூபிடர், வோட்டன் போன்ற பழைய ஐரோப்பியத் தெய்வங்களை நம்பவேண்டிய அவசியம் இல்லை என்று. நீங்கள் முருகன் முன் நிற்கும்போது நடப்பது இதில் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வேண்டிக்கொள்ள, கோபித்துக்கொள்ள, நேர்ந்துகொள்ள ஒரு தெய்வம் அங்கே கிடையாது. அங்கே பாகன் என்பது ஒரு வாதம். எல்லா மனிதரும் ஒரே கடவுளின் பிள்ளைகள், அதனால் சமம் என்ற எண்ணம் யூதத்திலிருந்து கிறிஸ்தவம் வழியாக ஐரோப்பாவுக்குள் வந்த அந்நிய நோய், தாராளவாதமும் கம்யூனிசமும் மனித உரிமையும் அதன் பேரப்பிள்ளைகள் என்பது அந்த வாதம். அவர்கள் நெருப்பு மூட்டுவது இந்தச் சமத்துவத்துக்கு எதிராகத்தான் என்று நான் நினைக்கிறேன்.

அந்த நெருப்பும்கூட அவர்கள் சொல்லுமளவுக்குத் தூய்மையானது இல்லை. பிரெஞ்சுக் கிராமங்களில் ஜூன் 24-ஐ ஒட்டிப் புனித யோவானின் நெருப்பு என்று பாதிரியாரும் ஊர்க்காரர்களும் சேர்ந்துதான் நூற்றாண்டுகளாக மூட்டினார்கள். ஓடின், தோர் என்ற வட ஐரோப்பியத் தெய்வங்களின் கதைகளில் பெரும்பகுதியை நமக்குக் காப்பாற்றிக் கொடுத்ததே 13-ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்தில் உட்கார்ந்து எழுதிய ஸ்னோரி என்ற கிறிஸ்தவர்தான்.

அப்புறம், 'வேறுபட்டிருக்கும் உரிமை'. உங்கள் நண்பர் இதைச் சொல்லியிருப்பார். ஒவ்வொரு இனத்துக்கும் தன் பண்பாடு, தன் தெய்வம், தன் மண். எதுவும் மேல் இல்லை, எதுவும் கீழ் இல்லை, ஆனால் கலக்கக்கூடாது. கேட்க எவ்வளவு இதமாக இருக்கிறது! இதைச் சொன்னவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பாருங்கள். 1965-ல், இருபதுகளின் தொடக்கத்தில், தெ பெனுவா புனைபெயரில் இன்னொருவரோடு சேர்ந்து எழுதிய புத்தகம் தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சிக்கு ஆதரவானது. பிற்பாடு அவர் மாறினார், இனவாதத்தை எதிர்த்தே எழுதினார், மூன்றாம் உலகத்தின் பக்கம் நிற்பதாக 1986-ல் ஒரு நூலும் வெளியிட்டார். அந்த மாற்றத்தை நான் பொய் என்று சொல்லவில்லை. சந்தை எல்லா ஊரையும் ஒரே மாதிரி ஆக்குவதைப் பற்றி அவர் எழுதியவற்றில் நான் ஒப்புக்கொள்ளும் பக்கங்களும் உண்டு. ஆனால் அவர் செதுக்கிய அந்தச் சொல்லைத் தெருவில் இறங்கியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். உங்கள் லியோனின் பழைய நகரப் பகுதியிலேயே மதுக்கடையும் குத்துச்சண்டைக் கூடமும் வைத்திருந்த அடையாளவாத இளைஞர்களை, அதாவது குடியேறியவர்களிடமிருந்து ஐரோப்பிய அடையாளத்தைக் காக்கிறோம் என்று சொல்பவர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2021 மார்ச்சில் பிரெஞ்சு அரசு அவர்களுடைய தேசிய அமைப்பையே கலைத்தது. அந்தச் சொல் அவர்கள் வாயில் 'உன் ஊருக்குப் போ' என்று ஆனது.

இந்தியா மேல் அவர்களுக்கு உள்ள பற்றும் உண்மைதான். 80களில் க்ரேஸின் தலைவராக இருந்த ழான் வரேன் சமஸ்கிருத அறிஞர். லியோன் பல்கலைக்கழகம் ஒன்றில் ழான் ஓத்ரி இந்தோ-ஐரோப்பிய ஆய்வு நிறுவனம் ஒன்றை நடத்தினார், அந்தப் பல்கலைக்கழகத்தில் இனவாதமும் யூதப் படுகொலை மறுப்பும் வேர்விட்டது எப்படி என்று அரசு ஒரு குழு போட்டு விசாரிக்க வேண்டியிருந்தது, 2004-ல் அறிக்கை வந்தது. அவர்கள் தேடும் இந்தியா, இந்தோ-ஐரோப்பியத் தொன்மங்களை ஒப்பிட்டு ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் துமேசில் விளக்கிய பூசாரி, வீரர், உற்பத்தியாளர் என்ற மூன்று அடுக்கின் இந்தியா. துமேசிலே அவர்களுடைய பத்திரிகையின் புரவலர் குழுவில் சிறிது காலம் இருந்துவிட்டு விலகிக்கொண்டார். அந்த மூன்று அடுக்குக்கும் வெளியே நின்றவர்கள் எத்தனை கோடி என்று நமக்குத் தெரியும். நம் மொழி அந்த இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்திலேயே இல்லை. மாரியம்மனுக்கும் சுடலைக்கும் அந்த வரைபடத்தில் எந்த இடமும் கிடையாது.

பாகன் என்றாலே இவர்கள்தான் என்று என் கட்டுரை தொனித்திருந்தால் அது என் தவறு. ஐஸ்லாந்தில் 1972-ல் தொடங்கிய, பழைய வட ஐரோப்பியத் தெய்வங்களை வணங்கும் ஆசாத்ரு சங்கம் அரசு அங்கீகாரம் பெற்றது. இனவாதிகள் தங்கள் தெய்வங்களின் பெயரை எடுப்பதை அது வெளிப்படையாக எதிர்க்கிறது. லித்துவேனியாவின் பழைய சமயத்தை மீட்க முயன்ற ரொமுவா இயக்கத்தார் சோவியத் காலத்தில் நெருக்கடிகளுக்கு நடுவே தங்கள் பாடல்களைக் காப்பாற்றினார்கள். அவர்களை எனக்குப் பிடிக்கும்.

போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். போங்கள். நண்பரை இழக்க வேண்டாம், ஹோமரைக் கிரேக்கத்தில் வாசிக்கும் நண்பர் எல்லாருக்கும் கிடைக்கமாட்டார். ஆனால் போவதற்கு முன், விருந்தினராக அழைத்தவரைச் சங்கடப்படுத்துகிறோமே என்று தயங்காமல் ஒன்றைக் கேளுங்கள். லியோனில் பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடம் போய், பிரெஞ்சில் கனவு காணப்போகிற உங்கள் மகள், இருபது வருடம் கழித்து அந்த நெருப்பைத் தன்னுடையது என்று சொல்லித் தன் கையால் மூட்டலாமா? அவர் கொஞ்சமும் யோசிக்காமல் 'ஏன் கூடாது?' என்றால் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போங்கள். அவளுக்கு அவளுடைய தெய்வங்கள் இருக்கின்றனவே என்று தொடங்கினால், அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள், இந்தக் கடிதத்தில் உள்ளதையெல்லாம் அவரிடம் பேசுங்கள், நெருப்புக்கு மட்டும் போகாதீர்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்