கழிவுநீர் வரிப் பணத்தில் ஆராய்ச்சி எதற்கு?

கேள்வி: நெதர்லாந்தில் நாம் கட்டும் கழிவுநீர் வரியில் ஒரு பங்கு ஆராய்ச்சிக்குப் போகிறதாமே? வரி வாங்குபவர்களின் வேலை தண்ணீரைச் சுத்தம் செய்து ஆற்றில் விடுவது. ஆராய்ச்சியைப் பல்கலைக்கழகமும் கம்பெனிகளும் பார்த்துக்கொள்ளக் கூடாதா?

பதில்:

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களை வடிவமைக்கும் அலுவலகம் ஒன்றில்தான் எனக்கு வேலை, இந்த நாட்டில் பதினோரு வருடமாக. அதனால் என் பதிலில் கொஞ்சம் தொழில் பாசம் இருக்கும்.

ஆனால் வரி கட்டுபவனும் நான்தான். தனி ஆளாக இருந்தவரை ஒரு மாசு அலகுக்கு (வீடு விடும் அழுக்கைக் கணக்கிடும் அளவு அது) கட்டினேன். கல்யாணம் ஆனதும் நேராக மூன்று அலகு. "இருக்கறது ரெண்டு பேரு, எப்படி மூணு?" என்று மனைவி கேட்டாள். ஒருவருக்கு மேல் எத்தனை பேர் இருந்தாலும் மூன்றுதான், ஆறு பேர் குடும்பத்துக்கும் அதேதான் என்று விளக்கினேன். "அப்ப அத்தை மாமாவை இங்கேயே வரச் சொல்லிடுங்க, கட்டின காசாவது செல்லும்" என்றாள்.

சரி, கேள்விக்கு வருகிறேன்.

என் முதல் வேலை கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில். ஒரு வருடம் திடீரெனக் கசடு, அதாவது அழுக்கைத் தின்னும் பாக்டீரியாக் கூட்டம், அடியில் படிய மறுத்தது. காற்றூட்டும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் அரை மணி நேரம் அசையாமல் வைத்தால் கசடு பாதிக்குக் கீழே இறங்கி, மேலே தண்ணீர் தெளிந்து நிற்க வேண்டும். அன்று 900 மில்லியிலேயே நின்றது. அடுத்த தொட்டியின் விளிம்பு முழுக்கப் பழுப்பாக வழிந்தது. இயந்திரம் விற்றவர்களைக் கூப்பிட்டோம். காற்றை ஊதும் ப்ளோயரைக் கூட்டி ஓட்டச் சொன்னார்கள். கூட்டினோம். கரண்ட் பில்தான் கூடியது.

நூல் நூலாக வளரும் ஒரு வகைப் பாக்டீரியா செய்கிற வேலை அது. திரும்பி வரும் கசடில் அளவாகக் குளோரின் விட்டால் கட்டுப்படும். இதை நான் தெரிந்துகொண்டது இரண்டு வருடம் கழித்து, ஒரு கல்யாணப் பந்தியில். பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவர் எங்களிடமிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்த இன்னொரு நிலையத்தின் ஆபரேட்டர். எங்களுக்கு வருவதற்கு ஒரு வருடம் முன்பே அவர்களுக்கு அதே தொல்லை வந்து, அவர்களே தட்டுத்தடுமாறி வழியும் கண்டுபிடித்திருந்தார்கள். எங்களுக்குச் சொல்லக் கூடாது என்று அவருக்கு ஒன்றும் இல்லை. சொல்வதற்கு ஒரு இடம் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டு துணிக்கடைகள் தொழில் ரகசியத்தைப் பகிராது. இரண்டு ஊர்களின் கழிவுநீர் நிலையங்களுக்கு இடையில் அப்படி என்ன போட்டி இருக்கிறது? பக்கத்து ஊர்க்காரன் நம் வாடிக்கையாளரைக் கொத்திக்கொண்டு போக முடியாது. எல்லோருக்கும் வருவது ஒரே அழுக்கு, ஒரே தொல்லை. ஒருவர் கற்றதை மற்றவருக்குச் சும்மா கொடுக்கலாம். கொடுப்பதற்கு ஓர் அமைப்பும் அதற்குக் கொஞ்சம் காசும் வேண்டும்.

இங்கே அந்த அமைப்புக்குப் பெயர் ஸ்டோவா. 1970இல் வந்த சட்டத்தால் ஆறு, கால்வாய்களை அசுத்தமாக்குபவர்களிடம் வரி வாங்கிச் சுத்திகரிக்கும் பொறுப்பு நீர் வாரியங்களுக்கு (அந்தந்த வட்டாரத்தின் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் பொது அமைப்புகள்) வந்தது. அடுத்த வருடமே, 1971இல், ஆராய்ச்சிக்காகப் பொதுவாக ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். அப்போது அதன் பெயர் ஸ்டோரா. இன்று 21 நீர் வாரியங்களும் சேர்ந்து இதற்குப் பணம் கட்டுகின்றன. எது ஆராயத் தக்கது என்று கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள், வெளியிலிருந்து ஆட்களை வைத்துச் செய்கிறார்கள், அறிக்கையை இணையத்தில் இலவசமாகப் போட்டுவிடுகிறார்கள். வாரியத்துக்குச் சம்பந்தமே இல்லாத நானும் நீங்களும் இறக்கிப் படிக்கலாம். பெரும்பாலும் டச்சு மொழியில்தான் இருக்கும், தூக்கம் வராத இரவுக்கு நல்ல மருந்து.

அமெரிக்காவிலும் 1989இல் இதே மாதிரி ஒன்று தொடங்கியது. நகரங்களின் கழிவுநீர்த் துறைகள் சந்தா கட்டும் ஆராய்ச்சி அறக்கட்டளை அது. 2018இல் குடிநீருக்கான ஆராய்ச்சி அமைப்போடு ஒன்றாகிவிட்டது. ஆகவே இது டச்சுக்காரர்கள் மட்டும் செய்யும் விநோதம் இல்லை.

கம்பெனி செய்யாதா என்று கேட்டீர்கள். செய்யும், விற்கும் என்று தெரிந்தால். பல்கலைக்கழகமும் செய்யும், பத்து லிட்டர் பாத்திரம் வரைக்கும். அந்தப் பத்து லிட்டருக்கும் ஓர் ஊரின் தொட்டிக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை யார் நடப்பது? அங்கேதான் நம் வரிப் பணம் வருகிறது. இதற்கு ரோட்டர்டாமை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ரோட்டர்டாமின் டோக்ஹாவன் சுத்திகரிப்பு நிலையம் நிலத்தடியில் இருக்கிறது. மேலே பூங்கா. நடந்து போகிறவர்களுக்குக் கீழே என்ன ஓடுகிறது என்றே தெரியாது. அங்கே எடுக்கும் கசடைப் பக்கத்தில் ஸ்லாய்ஷஸ்டைக் என்ற இடத்தில் புளிக்க வைத்து எரிவாயு எடுக்கிறார்கள். மிஞ்சும் நீரில் அம்மோனியா ஏராளம். அதை நீக்க வழக்கமான முறையில் காற்றை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும், ப்ளோயருக்குக் கரண்ட் செலவு அப்படிப் போகும்.

ஆக்சிஜன் இல்லாமலே அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா இருக்க வேண்டும் என்று ஆஸ்திரியாவின் எங்கல்பெர்ட் ப்ரோடா 1977இலேயே கணக்குப் போட்டு எழுதியிருந்தார். பிறகு டெல்ஃப்ட் நகரில் ஒரு ஈஸ்ட் தொழிற்சாலையின் கழிவுநீர்த் தொட்டியில் அது நிஜமாகவே அகப்பட்டது. அனம்மாக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். காற்றூட்டும் செலவில் பாதிக்கு மேல் மிச்சமாகும். ஒரே குறை, அது வளரும் வேகம். தயிர் உறை ஊற்றினால் காலையில் தோய்ந்திருக்கும். இந்தப் பாக்டீரியா ஒன்று இரண்டாக ஏறக்குறைய பதினொரு நாள்.

2002இல் ரோட்டர்டாமில் உலகின் முதல் முழு அளவு அனம்மாக்ஸ் தொட்டியை ஓட்ட ஆரம்பித்தார்கள். 70 கன மீட்டர். நடுவில் பைலட் பிளான்ட், அதாவது சின்ன சோதனை நிலையம், எதுவும் கட்டாமல் ஆய்வகப் பாத்திரத்திலிருந்து நேராக இதற்குத் தாவினார்கள். உறை ஊற்றக் கடன் வாங்க உலகில் வேறு தொட்டியே கிடையாது. கொஞ்சம் வளரும், ஏதாவது பழுதாகும், மறுபடி ஆரம்பம். முழுக் கொள்ளளவில் ஓட மூன்றரை வருடம் ஆனது.

இதை ஒரு கம்பெனியின் கணக்குப்பிள்ளை கண்ணோடு பாருங்கள். மூன்றரை வருடம் ஒரு தொட்டி சரியாக ஓடவில்லை. எந்த வாடிக்கையாளர் பொறுப்பார்? பொறுத்தது ஒரு நீர் வாரியம். நாட்டில் 300க்கு மேல் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கும்போது, ஓர் இடத்தில் கற்றுக்கொண்டால் மற்ற இடங்களுக்கும் ஆகும் என்ற தெம்பு அவர்களுக்கு இருந்தது. ரோட்டர்டாமில் ஒருமுறை வளர்ந்துவிட்டதால், அடுத்து கட்டியவர்கள் அங்கிருந்து உறை எடுத்துக்கொள்ள முடிந்தது. அவர்கள் யாரும் மூன்றரை வருடம் காத்திருக்கவில்லை.

இன்னொரு கதை, என் பழைய 900 மில்லி குடுவையோடு சம்பந்தப்பட்டது. சாதாரணக் கசடு கஞ்சியில் மிதக்கும் பஞ்சு மாதிரி. மெதுவாகத்தான் இறங்கும், அதற்காகவே பெரிய பெரிய வட்டத் தொட்டிகள் வேண்டும். டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் ஃபான் லோஸ்ட்ரெக்ட் குழுவினர் பாக்டீரியாக்களை ரவை மாதிரி மணி மணியாக உருளச் செய்யலாம் என்று 1990களில் காட்டினார்கள். மணி சட்டென்று இறங்கிவிடும். தனியாகப் படிய வைக்கும் தொட்டியே வேண்டாம்.

ஆய்வகத்தில் அழகாக இருந்தது. ஆனால் ஆய்வகத்தில் மழை பெய்யாது, யாரும் டாய்லெட்டில் வெட் வைப்ஸ் போட மாட்டார்கள். 2003இல் எடே என்ற ஊரின் நிலையத்தில் நிஜச் சாக்கடை நீரை வைத்து ஸ்டோவா, ஒரு பொறியியல் நிறுவனம், பல்கலைக்கழகம் எல்லோரும் சேர்ந்து பைலட் ஓட்டினார்கள். பிறகு பல நீர் வாரியங்கள் ஒன்றாகக் கை கோத்தன. இந்த நாட்டில் முதல் ஊர்நிலை நிலையம் எப்பேயில். அதை 2012இல் திறந்து வைத்தவர் அப்போது இளவரசராக இருந்த இன்றைய அரசர். தண்ணீர்தான் அவருக்குப் பிடித்த சப்ஜெக்ட். அடுத்த வருடம் க்ரோனிங்கன் பக்கத்தில் கார்மர்வோல்டேயில், 9,600 கன மீட்டர் தொட்டிகள் இரண்டு. அங்கே அளந்து பார்த்ததில், சராசரியான வழக்கமான நிலையத்தை விட மின்சாரம் 58 முதல் 63 சதவீதம் குறைவு. அதே வளாகத்தில் பக்கத்திலேயே ஓடும் பழைய முறையோடு ஒப்பிட்டால் தொட்டிக் கொள்ளளவு மூன்றில் ஒரு பங்கு குறைவு. நீங்களும் நானும் கட்டும் வரி கூடாமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

இதுவரை எல்லாம் நல்ல சேதி. கேள்வி கேட்ட உங்கள் பக்கம் நியாயம் இருக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். அந்த மணிக் கசடு முறை இன்று உலகமெங்கும் நெரெடா என்ற பெயரில் விற்பனையாகிறது. விற்பது அந்தப் பொறியியல் நிறுவனம். பொதுப் பணத்தில் பிறந்த ஒன்று தனியார் பெயரில் சந்தைக்குப் போகலாமா?

இது நூறு வருடப் பழைய சண்டை. இன்று உலகம் முழுக்க ஓடும் காற்றூட்டும் கசடு முறையே ஒரு நகராட்சியின் ஆய்வகத்தில் பிறந்ததுதான். மான்செஸ்டர் மாநகராட்சிக்காக வேலை செய்த எட்வர்ட் ஆர்டெர்னும் வில்லியம் லாக்கெட்டும் பாட்டில்களில் சாக்கடை நீரை ஊற்றிக் காற்று ஊதினார்கள். முதல் தடவை சுத்தமாக ஐந்து வாரம் பிடித்தது. அடியில் நின்ற கசடைக் கொட்டாமல் அப்படியே வைத்து, மேலே புது நீரை ஊற்றி ஊதினார்கள். திரும்பத் திரும்பச் செய்யச் செய்ய ஒரு நாளுக்குள் சுத்தமானது. 1914 ஏப்ரல் 3ஆம் தேதி எல்லோர் முன்பும் கட்டுரையாக வாசித்தார்கள். (அவர்களுக்கு யோசனை கொடுத்த கில்பெர்ட் ஃபௌலர் இரண்டு வருடம் கழித்துப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார். என் பெங்களூரு நண்பர்கள் யாருக்கும் இது தெரியவில்லை.)

ஆனால் காப்புரிமைகள் இங்கிலாந்தின் ஓர் இயந்திர நிறுவனத்தின் கைக்குப் போயின. அமெரிக்காவில் மில்வாக்கி நகரம் இந்த முறையில் பெரிய நிலையம் கட்டி 1925இல் ஓட்ட ஆரம்பித்தது. காப்புரிமை வைத்திருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 1934இல் மேல்முறையீட்டிலும் நகரம் தோற்றது. ஒரு நகராட்சியின் காசில் பிறந்ததற்கு இன்னொரு நகரம் கோர்ட்டில் நின்றது.

நெரெடா அந்த அளவுக்கு மோசமில்லை என்பது என் எண்ணம். நிறுவனமும் தன் பணத்தையும் ஆட்களையும் போட்டது, விற்க ஒருவர் இல்லாவிட்டால் அது எப்பேயோடு நின்றிருக்கும். ஆனாலும் பைலட்டுக்கு முதல் யூரோ போடும் முன்பே உரிமை யாருக்கு, எந்த அளவுக்கு என்று எழுதி வைத்து, அதை வரி கட்டுபவர்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். வேலைக்குப் போகும் இடங்களில் இதைச் சொல்லி ஓரிரண்டு முறை முறைப்பும் வாங்கியிருக்கிறேன்.

கூட்டுப் பணத்தால் இன்னொரு லாபம் உண்டு. இங்குள்ள குடிநீர் நிறுவனங்கள் சேர்ந்து கே.டபிள்யூ.ஆர். என்ற ஆராய்ச்சி நிலையத்தைச் சொந்தமாக வைத்திருக்கின்றன. 2020இல் கொரோனா வந்தபோது அங்கிருந்த ஆட்கள் உடனே சாக்கடை நீரில் வைரஸைத் தேடினார்கள். ஆமர்ஸ்ஃபோர்ட்டில் முதல் நோயாளி அறிவிக்கப்படுவதற்கு ஆறு நாள் முன்பு எடுத்த மாதிரியிலேயே தடயம் கிடைத்தது. ஆளும் கருவியும் தயாராக இருந்ததால் முடிந்தது. தொற்று வந்த பிறகு டெண்டர் விட்டு ஆள் தேடியிருந்தால் முடிந்திருக்காது.

இத்தனைக்குப் பிறகும் "என் காசில் வேண்டாம்" என்று தோன்றினால், அதைச் சொல்ல உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. நம்மாட்களில் பலருக்கு இது தெரிவதில்லை. நீர் வாரியத்துக்குத் தேர்தல் உண்டு, நான்கு வருடத்துக்கு ஒருமுறை. டச்சுக் குடியுரிமை இல்லாவிட்டாலும் 18 வயதாகி, முறையான வசிப்பு அனுமதியோடு அந்த வாரியத்தின் எல்லைக்குள் குடியிருந்தால் ஓட்டுப் போடலாம். கடைசியாக 2023 மார்ச்சில் நடந்தது, அடுத்தது 2027இல். ஓட்டுப் போடுவதற்கான அழைப்புச் சீட்டு நகராட்சியிலிருந்து தபாலில் வீட்டுக்கே வரும். இன்னொரு வரிக் கடிதம் என்று நினைத்து உறையைப் பிரிக்காமல் குப்பையில் போட்டுவிடாதீர்கள். 2019இல் நான் போட்டுவிட்டேன்.