ஒரே வீட்டில் ஒரே சாப்பாடு சாப்பிட்டு வளரும் இரண்டு பிள்ளைகளில் ஒரு பிள்ளை மட்டும் குண்டாவது ஏன்? காரணம் மரபணுவா, உணவா?

எங்கள் வீட்டில் அந்த ஒரு பிள்ளை நான். அண்ணன் ஒல்லி. வீட்டுக்கு வருகிறவர்கள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் சின்னவனுக்கே ஊட்டிடுறியா?" என்று அம்மாவிடம் கேட்பார்கள். அம்மா சிரித்து மழுப்புவார். நான் மருத்துவன் இல்லை. இந்தக் கேள்வி சிறுவயதிலிருந்து உறுத்தியதால் தேடித் தேடிப் படித்தவன், அவ்வளவுதான்.

கேள்வியில் இருக்கும் அந்த இரண்டு 'ஆ'தான் சிக்கலே. மரபணு ஒரு பக்கம், உணவு இன்னொரு பக்கம் என்று பிரிக்க முடியாது. பெரும்பாலான பிள்ளைகளிடம் மரபணு தன் வேலையைச் சாப்பாட்டின் வழியாகத்தான் செய்கிறது. அண்ணன் பாதி பிஸ்கட்டைக் கடித்துவிட்டு மீதியை மேசையில் வைத்து மறந்துபோவான். எனக்கோ, அந்த மீதிப் பாதி அங்கே இருக்கும்வரை வீட்டுப்பாடத்தில் மனம் ஒட்டாது. அவனுக்கு மனக்கட்டுப்பாடு அதிகம் என்று எல்லாரும் சொன்னார்கள். அவன் எதையும் கட்டுப்படுத்தவே இல்லை. அவனுக்குப் பசி அடங்கியிருந்தது, எனக்கு அடங்கவில்லை.

எஃப்டிஓ என்ற மரபணுவுக்கும் உடல் பருமனுக்கும் உள்ள தொடர்பு 2007இல் வெளிவந்தது. அதன் ஒரு வடிவத்தை அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பெற்றவர்கள், அது அறவே இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதல் எடை இருந்தார்கள். அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்தில் 4 முதல் 10 வயதுப் பிள்ளைகளிடம் சோதித்தார்கள். அந்த வடிவம் உள்ள பிள்ளைகளின் உடல் எரிக்கும் கலோரியில் குறை எதுவும் தெரியவில்லை. சாப்பிட்ட உணவின் எடைகூட மற்றவர்களுடையதைப் போலத்தான் இருந்தது. ஆனால் அதே எடைக்குள் கலோரி அதிகமுள்ள பண்டங்களாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அப்படிப்பட்ட பண்டம் எதிரே இருந்தால்தானே எடுக்க முடியும்?

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு பிரிட்டனில் 4 வயது இரட்டையர்களிடம் நடந்தது, 2018இல் வெளியானது. எடை கூட வழிவிடும் வீடுகள், அவ்வளவாக வழிவிடாத வீடுகள் என்று இரண்டாகப் பிரித்தார்கள். வீட்டில் என்ன உணவு கிடக்கிறது, ஓடியாட வசதி இருக்கிறதா, டிவி எவ்வளவு ஓடுகிறது என்பதெல்லாம் கணக்கு. முதல் வகை வீடுகளில் பிள்ளைகளின் உடல் எடைக் குறியீட்டில், அதாவது உயரத்துக்கு எவ்வளவு எடை என்ற கணக்கில், தெரிந்த வேறுபாட்டில் 86 சதவீதம் மரபணுவால் வந்தது. இரண்டாம் வகையில் 39 சதவீதம்தான். (ஒரு பிள்ளையின் எடையில் 86 சதவீதம் மரபணு என்று இதைப் படித்துவிடாதீர்கள். இது பிள்ளைகளுக்கு இடையே உள்ள ஏற்றத்தாழ்வைப் பற்றிய கணக்கு.) அதே மாதிரி மரபணுக்கள்தான், ஒரு வீட்டில் கத்துகின்றன, இன்னொரு வீட்டில் முணுமுணுக்கின்றன.

5 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் அதிக எடை கொண்டவர்கள் உலக அளவில் 1990இல் 8 சதவீதம், 2022இல் 20 சதவீதம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முப்பது வருஷத்தில் மரபணு மாறாது. சுற்றியுள்ள சாப்பாடு மாறியது, அதை எதிர்கொள்ள ஏற்கெனவே பலவீனமாக இருந்தவர்கள் முதலில் மாட்டிக்கொண்டார்கள்.

அப்புறம், ஒற்றை மரபணுப் பழுதால் வரும் பருமன் ஒன்று உண்டு. அரிது, ஆனால் உண்மை. லெப்டின் என்ற ஹார்மோனே சுரக்காத இரண்டு குழந்தைகளைப் பற்றி 1997இல் எழுதினார்கள். அவர்களில் 9 வயதுச் சிறுமிக்கு அந்த ஹார்மோனை ஊசியாகப் போட்டதும் அடங்காத பசி அடங்கி, எடை இறங்கியது. ஆகவே 5 வயதுக்குள்ளேயே எடை மளமளவென்று ஏறினாலோ, எவ்வளவு சாப்பிட்டும் பிள்ளை பசி பசி என்று அழுதாலோ, நடப்பது, பேசுவது போன்ற வளர்ச்சிப் படிகள் தாமதமானாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். உயரத்தையும் கவனியுங்கள். சாதாரணமாகக் குண்டாகும் பிள்ளை பெரும்பாலும் வயதுக்கு மீறிய உயரமாகவும் இருக்கும். குண்டாகிறது, ஆனால் உயரமாகவில்லை என்றால் ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

சரி, வீட்டில் என்ன செய்வது? குண்டுப் பிள்ளைக்கு மட்டும் தனித்தட்டு வைப்பதை நான் அனுபவித்தவன், தயவுசெய்து வேண்டாம். அண்ணன் தின்றதை நான் ஒளிந்து தின்னக் கற்றுக்கொண்டதுதான் அதனால் கிடைத்த பலன்.

இப்போது எனக்கும் இரண்டு பிள்ளைகள். பெரியவள் அண்ணன் மாதிரி, சின்னவனுக்கு அப்படியே என் பசி. யாரையும் தனியாக எதுவும் சொல்லவில்லை. பிஸ்கட் டப்பாவும் குளிர்பானமும் வீட்டுக்கு வருவது நின்றது, தட்டைக் காலி செய்யச் சொல்லும் பழக்கத்தை விட்டோம், டிவி முன் சாப்பாடு இல்லை என்றோம். பெரியவள் இரண்டு வாரம் முறைத்துக்கொண்டிருந்தாள். சின்னவன் முதல் நான்கு நாள் டப்பா இருந்த இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். ஐந்தாம் நாள் போகவில்லை.