கதவில்லாத ஜீப்பில் பயணம்

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கும் என் மகன், தன் ஜீப் ராங்ளரின் நான்கு கதவுகளையும் கழற்றிவிட்டு ஓட்டுகிறான். இது முறைதானா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: அந்த வண்டி கதவுகளைக் கழற்றும்படியே வடிவமைக்கப்பட்டது, 1941-இல் ராணுவத்துக்காகத் தயாரான அதன் மூதாதை ஜீப்புக்குக் கதவே கிடையாது. கீல் திருகுகளை அகற்றி, கதவுக்குச் செல்லும் மின்கம்பி இணைப்பைப் பிரித்து, கதவை மேல்நோக்கித் தூக்கினால் கையோடு வந்துவிடும். யூட்டா மாநிலத்தின் மோவாப் போன்ற இடங்களின் பாறைத் தடங்களில் ஆள்நடை வேகத்தில் செல்லும்போது, சக்கரம் எந்தக் கல்லின் மீது ஏறுகிறது என்பதைத் தலைசாய்த்து நேரடியாகப் பார்க்க இது மிகவும் உதவும்.

சாலைப் பயணம் வேறு விஷயம். கதவின்றிப் பொதுச்சாலையில் ஓட்ட வேண்டாம், கதவு தரும் பாதுகாப்பு போய்விடும் என்று தயாரிப்பாளரின் கையேடே எச்சரிக்கிறது. பக்கவாட்டில் இன்னொரு வண்டி மோதினால் இடையில் தடுப்பே இராது. மேலும், பின்னால் வரும் வண்டிகளைக் காட்டும் பக்கக் கண்ணாடிகள் கதவிலேயே பொருத்தப்பட்டிருப்பதால் அவையும் சேர்ந்து போய்விடும். கண்ணாடி பற்றிய சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், தனியே விற்கும் கண்ணாடிகளைக் கீலில் மாட்டிக்கொள்வதே நல்லது. இருக்கைவார் அணியாமல் ஒருவரும் ஏறக் கூடாது. காலை வெளியே தொங்கவிடும் வீரமும் வேண்டாம். நெடுஞ்சாலைக்குச் செல்லும் நாளில் கதவுகளை மாட்டிவிடச் சொல்லுங்கள்.