வாதாபியும் காஞ்சியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் ஒரு பயணக் குழுவுடன் ஐந்து நாள் வட கர்நாடகம் சென்று வந்தேன். ஹோஸ்பேட்டில் ரயில் இறங்கி, அங்கிருந்து டெம்போ டிராவலரில் ஹம்பி, ஐஹொளே, பட்டடக்கல், பாதாமி, பீஜப்பூர் என்று போனோம். கூடவே ஒரு வழிகாட்டி வந்தார். பட்டடக்கல்லுக்கு நாற்பது நிமிடம்தான் தந்தார்கள். பழைய வாதாபியான பாதாமியில், நாங்கள் தமிழர்கள் என்று தெரிந்ததும் அவர், “உங்கள் பல்லவ மன்னன் நரசிம்மவர்மன் எரித்த ஊர் இது” என்றார். வண்டியில் இருந்த எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் ஏனோ கூச்சமாக இருந்தது, தட்டவில்லை. ஏன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

வீடு திரும்பியபின் கைப்பேசியில் உள்ள படங்களைப் பார்த்தால் எந்தக் கோயில் எந்த ஊர் என்பதே குழம்புகிறது. அந்த வழிகாட்டி மனப்பாடமாக ஒப்பித்துவிட்டுப் போய்விட்டார். நானும் வரலாறு படித்தவள் அல்ல. அடுத்த ஆண்டு அப்பாவை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். குழுவாக வழிகாட்டியுடன் போவது நல்லதா, தனியாக வண்டி அமர்த்திக்கொள்வது நல்லதா? எந்த மாதம் ஏற்றது? பீஜப்பூரை விட்டுவிட்டால் ஒரு நாள் மிச்சமாகும். விட்டுவிடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேள்விகளாக எழுதியவற்றைவிட, கேள்வியாக்காமல் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வரிதான் என்னைப் பதில் எழுத வைத்தது. எல்லோரும் கைதட்டியபோது நீங்கள் தட்டவில்லை என்கிறீர்கள். ஏன் என்று சொல்லத் தெரியவில்லை என்கிறீர்கள். அந்தக் காரணத்தைப் பற்றியே நானும் சில காலமாக எண்ணிக்கொண்டிருந்ததால் உங்கள் கடிதம் சரியான நேரத்தில் வந்தது என்று சொல்வேன்.

முதலில் சிறியவற்றை முடித்துவிடுகிறேன். நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். கோடையில் பாதாமியின் செம்பாறைகள் விடும் அனலில் வயதானவர்களை நடக்க வைக்கக் கூடாது. பீஜப்பூரை விடாதீர்கள். முகம்மது அடில் ஷாவின் கல்லறையான கோல் கும்பஸின் குவிமாடம் வெளிவிட்டத்தில் 44 மீட்டர், உள்ளே அதைத் தாங்க ஒரு தூண்கூடக் கிடையாது. அதன் கீழே நின்று ஒருமுறை அண்ணாந்து பார்த்தவர் அந்த நாளை மிச்சம் பிடிக்க எண்ண மாட்டார். நேரம் இல்லையென்றால் கடைத்தெருவில் செலவிடும் நேரத்தைக் குறையுங்கள், ஊரைக் குறைக்க வேண்டாம்.

இப்போது வழிகாட்டி. அவர் ஒப்பித்தார் என்று குறைப்படுகிறீர்கள். கேட்பவர்கள் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டும், ஓட்டுநர் ஹாரன் அடித்துக்கொண்டும், பயண ஏற்பாட்டாளர் மணி பார்த்துக்கொண்டும் இருக்கும்போது ஒரு மனிதர் வேறென்ன செய்வார்? நாளெல்லாம் வெயிலில் நின்று, வந்தவர் மொழிக்கெல்லாம் நாக்கை வளைத்துப் பிழைப்பவர் அவர். யாரும் கேட்காத கேள்விக்கு அவராக வந்து பதில் சொல்ல மாட்டார். நீங்கள் ஒரு கேள்வியாவது கேட்டீர்களா? “நானும் வரலாறு படித்தவள் அல்ல” என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சாக்கை நான் பொறுத்துக்கொள்வதில்லை. வரலாறு படிக்கப் பட்டம் தேவையில்லை. ஐந்து நாள் விடுப்பு எடுத்து, பணம் கட்டி, ரயில் ஏறத் தெரிந்தவருக்குப் புறப்படும் முன் இருபது பக்கம் படிக்க முடியாதா? ஒன்றும் அறியாமல் போய் நின்றால் கல் கல்லாகத்தான் தெரியும். அதற்கு வழிகாட்டியைக் குறை சொல்வது நியாயமில்லை.

பட்டடக்கல்லில் நான் சந்தித்த ஒரு வழிகாட்டியை இங்கே சொல்ல வேண்டும். வயதானவர், மெலிந்தவர், வெள்ளைச் சட்டையின் காலர் கிழிந்திருந்தது. நண்பர்களும் நானும் விரூபாட்சர் கோயில் நந்தி மண்டபத்தருகே நின்றிருந்தபோது, நாங்கள் பேசும் மொழியைக் கேட்டு அருகே வந்தார். வழக்கமான பாடத்தை அவர் தொடங்கவில்லை. தயங்கித் தயங்கி, பாதிக் கன்னடமும் பாதித் தமிழுமாக, “காஞ்சி கைலாசநாதர் கோயில் பார்த்திருக்கிறீர்களா? அங்கே தூணில் எங்கள் ராஜாவின் எழுத்து இருக்கிறதாமே, இன்னும் தெரிகிறதா?” என்று கேட்டார். பார்த்திருக்கிறேன், தெரிகிறது என்றேன். அவர் என் முழங்கையைப் பற்றிக்கொண்டார். எந்தப் பக்கத்தில் இருக்கிறது, எழுத்து எவ்வளவு பெரியது, கைபட்டுத் தேய்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். காஞ்சியைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றும், பார்த்தவர் யாராவது வருகிறார்களா என்று எப்போதும் விசாரிப்பதாகவும், வருகிறவர்களில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை என்றும் சொன்னார். பிறகு எங்களைக் கிழக்கு வாயிலுக்கு அழைத்துச் சென்று, அங்குள்ள கல்வெட்டின்மேல் விரல் படாமல் ஒரு நூல் இடைவெளி விட்டு வரிவரியாக நகர்த்திக் காட்டினார். பணம் கொடுத்தபோது வாங்கிக்கொண்டார், அது அவர் தொழில். ஆனால் அந்த அரைமணி நேரம் அவர் செய்தது தொழில் மட்டும் அல்ல.

அந்தப் பெரியவர் கேட்ட எழுத்தின் கதையைத்தான் உங்கள் வண்டியில் கைதட்டியவர்கள் அறிந்திருக்க வேண்டும். அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தமிழ்நாட்டிலிருந்து பாதாமிக்குப் போகும் பெரும்பாலானோர் இந்தக் கதையின் நடுப்பக்கத்தை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

நீங்கள் ஐஹொளேயில் மேகுடிக் குன்றின்மேல் ஏறினீர்களா என்று தெரியவில்லை. அங்குள்ள சமணக் கோயிலின் சுவரில் பொ.ஆ. (கி.பி.) 634-ஐ ஒட்டிப் பொறிக்கப்பட்ட ரவிகீர்த்தியின் சமஸ்கிருதக் கல்வெட்டு இருக்கிறது. தன்னைக் காளிதாசனுக்கும் பாரவிக்கும் நிகராகச் சொல்லிக்கொள்ளும் அந்தக் கவிஞன், வாதாபியை ஆண்ட சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியின் படையெழுப்பிய புழுதியில் பல்லவ மன்னன் காஞ்சியின் மதிலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள நேர்ந்ததாகப் பெருமையாகப் பாடுகிறான். எட்டே ஆண்டுகளில், 642-இல், பல்லவன் முதலாம் நரசிம்மவர்மனின் படை வாதாபிக்குள் நுழைந்தது. பாதாமி ஏரிக்கு வடக்கே பாறையொன்றில் சிதைந்த நிலையில் அவன் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. ‘வாதாபி கொண்ட’ என்ற பட்டம் அவனுக்கு அப்படி வந்ததுதான். நம்மவர்கள் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். சிறுவயதில் படித்த ஒரு தொடர்கதையும் இந்த இடத்தை மனத்தில் கல்வெட்டாக்கிவிட்டது. பதின்மூன்று ஆண்டுகளுக்குள் புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன் வாதாபியை மீட்டான் என்பதும், பிறகு அவனே காஞ்சிக்குள் நுழைந்தான் என்பதும் அந்த வண்டியில் இருந்த எத்தனை பேருக்குத் தெரியும்?

வாதாபி விழுந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின், 740-களை ஒட்டி, இரண்டாம் விக்கிரமாதித்தன் பல்லவன் இரண்டாம் நந்திவர்மனை வென்று காஞ்சிக்குள் வந்தான். பழிதீர்க்க வேண்டிய கணக்கு பரம்பரையாக இருந்தது, ஊரும் கையில் இருந்தது. அவன் ராஜசிம்மேசுவரம் என்று அன்று அழைக்கப்பட்ட கைலாசநாதர் கோயிலுக்குள் போனான். அதன் செல்வத்தைக் கண்டு மகிழ்ந்து, அதை எடுத்துக்கொள்ளாமல் இறைவனுக்கே திருப்பிக் கொடுத்தான். அந்தச் செய்தியைக் கன்னட எழுத்தில் அக்கோயில் முன்மண்டபத் தூண் ஒன்றில் பொறிக்கச் செய்தான். வென்றவன் தோற்றவனின் கோயிலில் விட்டுச்சென்ற அந்த எழுத்தைப் பின்னால் வந்த பல்லவர்களும் செதுக்கி அழிக்கவில்லை, சோழர்களும் அழிக்கவில்லை. அது இன்றும் அங்கே இருக்கிறது.

இத்தோடு நிற்கவில்லை. அவன் பட்டத்தரசி லோகமகாதேவி, கணவன் காஞ்சியை மூன்று முறை வென்றதன் நினைவாக, பட்டடக்கல்லில் லோகேசுவரம் என்ற கோயிலைக் கட்டினாள். இன்று விரூபாட்சர் கோயில் என்று அழைக்கப்படுவது அதுதான். உங்களுக்கு நாற்பது நிமிடம் தந்தார்களே, அந்த வளாகம். வெற்றியின் நினைவாக எழுந்த அந்தக் கோயிலின் விமானம் எந்தப் பாணி என்று பார்த்தீர்களா? சுற்றிலும் காடசித்தேசுவரர், கலகநாதர் கோயில்களின் மேல் வடநாட்டுப் பாணிச் சிகரங்கள் எழும்ப, இதுவோ தளம் தளமாக அடுக்கிய தென்னாட்டு விமானத்துடனும், மதிலை ஒட்டிய சிறு சன்னிதிகளுடனும் காஞ்சி கைலாசநாதரை நினைவூட்டிக்கொண்டு நிற்கிறது. தலைமைச் சிற்பி குண்டன் என்னும் அனிவாரிதாசாரியைப் போற்றும் கல்வெட்டு அங்கே இருக்கிறது. தென்திசையின் சூத்ரதாரி, அதாவது தலைமைச் சிற்பி, என்ற புகழ்மொழியும் அங்குள்ள கல்வெட்டில் வருகிறது. காஞ்சியிலிருந்தே சிற்பிகள் போனார்களா என்பதை அறிஞர்கள் விவாதிக்கட்டும். எனக்குப் போதுமானது ஒன்று உண்டு. வென்றவர்கள், தாங்கள் வென்ற ஊரின் அழகைத் தங்கள் ஊரில் எழுப்பிக்கொண்டார்கள். அரசியின் தங்கையும் அதே அரசனின் மனைவியுமான திரைலோக்கியமகாதேவி அதன் அருகிலேயே எழுப்பிய கோயில்தான் இன்றைய மல்லிகார்ச்சுனர் கோயில், அதுவும் அதே சாயலில் இருக்கிறது.

ஆகவேதான் உங்கள் கூச்சம் எனக்குப் பிடித்திருந்தது. வாதாபியில் கைதட்டுகிறவர், அந்தக் கதையில் தன் பங்கு எது என்றே அறியாமல் தட்டுகிறார். அவர் பங்கு வாதாபியின் பாறையில் மட்டும் இல்லை, காஞ்சியின் தூணிலும் இருக்கிறது. ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதைப் பாராமல் வருவது பாதி வழக்கைக் கேட்டுத் தீர்ப்பு எழுதுவதற்குச் சமம். தமிழகத்திலிருந்து சாளுக்கிய நாட்டுக்குச் செல்லும் எந்தப் பயணமும் காஞ்சியில்தான் தொடங்க வேண்டும் என்று நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பயண ஏற்பாட்டாளர் ஒருவரிடமும் சொன்னேன். “காஞ்சியை எல்லோரும் பார்த்திருப்பார்கள் சார், அதற்கு யார் பணம் கட்டுவார்கள்?” என்றார். பார்த்திருப்பார்கள், உண்மைதான். பட்டுப் புடவை வாங்கப் போனபோது, காமாட்சியம்மனைக் கும்பிட்டுவிட்டு, நேரம் இருந்தால் கைலாசநாதர் கோயிலை வாசலில் நின்று. அந்தத் தூணின் பக்கம் திரும்பியவர்கள் எத்தனை பேர்? உங்கள் கடிதத்திலும் காஞ்சி என்ற சொல்லே இல்லை என்பதை வருத்தத்துடன் சொல்கிறேன்.

எந்தக் கோயில் எந்த ஊர் என்று குழம்புவதற்கும் இதுவே மருந்து. கோர்க்கும் நூல் ஒன்று கையில் இருந்தால் ஊர்கள் தாமாக வரிசைக்கு வரும். உங்கள் வண்டி ஹம்பியில் தொடங்கியதால் 14-ஆம் நூற்றாண்டில் எழுந்து 1565-இல் அழிந்த நகரைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து எண்ணூறு ஆண்டுகள் பின்னால் போய், மீண்டும் பீஜப்பூரில் 17-ஆம் நூற்றாண்டுக்குத் தாவியிருக்கிறீர்கள். யாருக்கும் தலை சுற்றும். டீசல் செலவைப் பார்த்துப் போட்ட வழி அது.

குழுவா தனியா என்று கேட்டீர்கள். அப்பாவுடன் என்றால் தனியாக வண்டி அமர்த்துங்கள், ஆனால் வழிகாட்டியை ஒவ்வொரு ஊரிலும் அந்தந்த ஊர்க்காரராகப் பிடியுங்கள். முதலில் ஒரு காலைப்பொழுது காஞ்சி. பிறகு பாதாமியில் தங்கி, இரண்டு முழு நாட்களை அதைச் சுற்றியே செலவிடுங்கள். பட்டடக்கல் 22 கிலோமீட்டர், ஐஹொளே அங்கிருந்து இன்னும் சற்றுத் தூரம், அவ்வளவுதான். ஐஹொளேயை முதலில் பாருங்கள், பட்டடக்கல்லை அதற்கு மறுநாள் முழுதாக. பாதாமிக் குடைவரைகளுக்குப் படிகள் அதிகம். அப்பாவின் முழங்கால் இடம் கொடுத்தால் மூன்றாம் குடைவரை வரையாவது மெல்ல ஏற்றிவிடுங்கள், 578-இல் மங்களேசன் பொறித்த கல்வெட்டு அங்கே இருக்கிறது. முடியாது என்றால் வற்புறுத்த வேண்டாம், ஏரிக்கரையில் பூதநாதர் கோயில் வரை நடந்தால் போதும். பட்டடக்கல் சமதரை. அங்கே அவரை விரூபாட்சர் கோயில் கிழக்கு வாயிலில் வசதியாக உட்கார வைத்துவிட்டு, காஞ்சித் தூணில் பார்த்ததை அந்த ஊர் வழிகாட்டியிடம் நீங்களே சொல்லுங்கள்.

அன்புடன்