பி.எம்.டபிள்யூ. இன்ஜின் எங்கே தயாராகிறது? ஓசூரில் செய்தது அசல் இல்லையா?

கேட்டவர் கிருஷ்ணகிரியில் பி.எம்.டபிள்யூ.வின் சின்ன பைக்கான ஜி 310 ஆர் பழையது ஒன்றுக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்கிறேன். "இது ஓசூர் இன்ஜின்தானே, ஜெர்மன் இல்லையே" என்று யாரோ குழப்பிவிட்டிருக்கிறார்கள். இந்தப் பேச்சு நம் பக்கம் ரொம்ப நாளாக ஓடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

கார் இன்ஜினில் தொடங்குவோம். ஆஸ்திரியாவில் ஸ்டைர், இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பக்கத்து ஹாம்ஸ் ஹால், சீனாவில் ஷென்யாங். இவைதான் பெரிய இன்ஜின் ஆலைகள். தலைமையகம் இருக்கிற மியூனிக்கில் பெட்ரோல், டீசல் இன்ஜின் தயாரிப்பு 2023 நவம்பரோடு நின்றுவிட்டது. சென்னையில் அசெம்பிள் ஆகும் கார்களுக்கு இன்ஜினைப் பூட்டி டெஸ்ட் செய்து கொடுக்க ஃபோர்ஸ் மோட்டார்ஸ் அங்கேயே ஒரு ஆலை போட்டது. பைக்கில் பாக்ஸர் இன்ஜின் (இரண்டு சிலிண்டரும் எதிரெதிராகப் படுத்திருப்பது) பெர்லின் ஸ்பாண்டாவ் ஆலையில். எஃப் 850 ஜி.எஸ்.ஸின் இரட்டை சிலிண்டர் இன்ஜின் சீனாவின் லான்சின் கம்பெனியில். ஜி 310-இன் இன்ஜின் மட்டுமல்ல, முழு வண்டியுமே ஓசூர் டி.வி.எஸ். ஆலையில். ஜெர்மனியில் செய்யாவிட்டால் அசல் இல்லை என்றால் ஸ்டைர் இன்ஜின் போட்ட செடானையும் அல்லவா டூப்ளிகேட் என்று சொல்ல வேண்டும்?

இன்னொன்று, எந்த இன்ஜினும் ஒரே கூரைக்கடியில் பிறப்பதில்லை. வார்ப்பு ஓர் இடம், மெஷினிங் ஓர் இடம், அசெம்பிளி ஓர் இடம். பி.எம்.டபிள்யூ. கார்களுக்கு லைட் அலாய் வார்ப்பு லாண்ட்ஸ்ஹுட் ஆலையில் நடக்கிறது. பிஸ்டன், ரிங், பேரிங், இன்ஜெக்டர் எல்லாம் பெரும்பாலும் வெளியில் வாங்குவதுதான், உலகம் முழுக்க இதே கதை. தரம் கெடுவதும் ஊர்ப் பெயரால் இல்லை. வார்ப்பில் நுண்துளை இருந்து லீக் டெஸ்டில் தப்பிவிட்டால் கூலன்ட் கசியும். ஆயில் போகும் வழியில் மெஷினிங் பிசிறு சரியாகக் கழுவப்படாமல் நின்றால் பேரிங் போய்விடும். ஹெட் போல்ட்டை சொன்ன வரிசையில், சொன்ன டார்க்கில் (முறுக்கு விசையில்) முறுக்கவில்லை என்றால் நடுவில் அடைப்பாக இருக்கும் கேஸ்கட் ஊதும். இதெல்லாம் ஜெர்மனியிலும் நடக்கும், ஓசூரிலும் நடக்கும்.

310-க்கு வருவோம். பி.எம்.டபிள்யூ., டி.வி.எஸ். ஒப்பந்தம் 2013-இல் ஆனது. 313 சிசி, போர் (சிலிண்டர் விட்டம்) 80 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 62.1 மி.மீ., நாலு வால்வு, லிக்விட் கூலிங், 34 பி.எஸ். சிலிண்டர் பின்பக்கம் சாய்ந்திருக்கும்; ஹெட் திருப்பிப் போட்டிருப்பதால் காற்று முன்னால் நுழைந்து புகை பின்னால் வெளியேறும். இதனால் இன்ஜினை முன்னால் தள்ளி வைத்து, வீல்பேஸ் (இரண்டு சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) கூடாமலே, பின் சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்விங் ஆர்மை நீளமாக்க முடிந்தது. டி.வி.எஸ். தன் பெயரில் விற்கும் அபாச்சி ஆர்.ஆர். 310-இலும் இதே அடிப்படை இன்ஜின்தான். 2024-இல் அதை 38 பி.எஸ்.ஸுக்குக் கொண்டுபோனது டி.வி.எஸ்.

சேஸி நம்பரை வைத்து ஏமாற்றுகிறவர்களும் உண்டு. ஜி 310 சேஸி நம்பர் டபிள்யூ.பி.3 என்று ஆரம்பிக்கும். "டபிள்யூ என்றால் ஜெர்மனி, இம்போர்ட் வண்டி" என்று அதைக் காட்டி விலையை ஏற்றுவார்கள். முதல் மூன்று எழுத்தும் தயாரிப்பாளரின் குறியீடு, வண்டியைப் பூட்டிய ஊர் இல்லை. அபாச்சிக்கு அதே இடத்தில் எம்.டி.6 இருக்கும்.

நான் டி.வி.எஸ். ஆள் என்று முத்திரை குத்த வருபவர்களுக்கு ஒன்று: 310-இல் குறையே இல்லை என்று சொல்லவில்லை. ஒற்றை சிலிண்டர், ஆர்.பி.எம். ஏற ஏற ஹேண்டில்பாரிலும் ஃபுட்ரெஸ்ட்டிலும் அதிர்வு தெரியும். அது அந்த இன்ஜினின் சுபாவம், ரிப்பேர் இல்லை.

வாங்கப் போகும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஓனர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். கிராங்க்கேஸ் மேல் மண்ணைத் துடைத்து, இன்ஜின் நம்பரை ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். கூலன்ட் பால் காபி நிறத்தில் இருந்தால் ஆயில் கலந்திருக்கிறது, பேசவே வேண்டாம். டோல்கேட் தாண்டி சூளகிரி வரை ஒரே சீராக ஓட்டி, நிறுத்தியதும் ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறதா, ஐடிலிங் ஆடுகிறதா என்று பாருங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் "பெங்களூரு அருகே" என்றே எழுதுகிறார்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது, ஓசூர் அன்றிலிருந்து அதில்தான் இருக்கிறது. அதற்கு முன்னால் தருமபுரி மாவட்டம். எந்தக் கணக்கிலும் கர்நாடகா இல்லை ஐயா.